தீஸ்தா ஆற்றில் மீண்டும் ஓர் அணை: மலையின் குரல் தில்லிக்குக் கேட்குமா?

புது தில்லி: பனி ஏரி உடைந்து பெருக்கெடுத்த வெள்ளத்தில், வடக்கு சிக்கிமின் சுங்தாங் அணை சில நிமிடங்களில் அடித்துச் செல்லப்பட்டது 2023 அக்டோபரில். அதே இடத்தில், முன்னைவிட ஏறத்தாழ இரு மடங்கு உயரத்தில் புதிய அணை கட்டலாம் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் நிபுணர் மதிப்பீட்டுக் குழு பரிந்துரைத்தது 2025 ஜனவரியில். இடைப்பட்ட காலம் பதினைந்து மாதங்கள். வெள்ளத்தில் காணாமற்போன பலரின் உடல்கள் அப்போதும் கிடைத்திருக்கவில்லை.

தீஸ்தா என்ற பெயர் தில்லி அரசியல் வட்டாரத்தில் அடிபடும்போதெல்லாம், பேச்சு வங்கதேசத்துடனான நீர்ப் பங்கீட்டைப் பற்றியதாகவே இருக்கும். 2011-இல் பிரதமர் மன்மோகன் சிங்கின் டாக்கா பயணத்தின்போது கையெழுத்தாகவிருந்த உடன்பாடு, மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜியின் எதிர்ப்பால் கடைசி நேரத்தில் நின்றுபோனது பலருக்கும் நினைவிருக்கும். அந்த ஆறு பிறக்கும் மலையில் வாழ்வோருக்கும் அதில் ஒரு வழக்கு உண்டு என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மக்களவையில் ஓர் உறுப்பினர், மாநிலங்களவையில் ஓர் உறுப்பினர். 2011 கணக்கெடுப்பின்படி மொத்தமே சுமார் ஆறு லட்சம் மக்கள். இத்தகைய சிறு மாநிலத்தின் குரல் நாடாளுமன்றத்தின் இரைச்சலில் எந்த அளவு எடுபடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அந்த ஓர் இரவு

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது தெற்கு லோனாக் ஏரி. பனியாறு உருகி உருகி, அதன் அடிவாரத்தில் பாறைத் துகள்களும் மண்ணும் சேர்ந்த இயற்கைக் கரைக்குள் தேங்கிய நீர்தான் இந்த ஏரி. 1970-களின் பிற்பகுதியில் இருபது ஹெக்டேருக்கும் குறைவாக இருந்த அதன் பரப்பு, 2023 செப்டம்பர் இறுதியில் 160 ஹெக்டேரைத் தாண்டியிருந்தது. இஸ்ரோவின் செயற்கைக்கோள் படங்கள் இதைத் தெளிவாகக் காட்டின. அக்டோபர் 4-ஆம் தேதி எடுக்கப்பட்ட படத்தில் எஞ்சியிருந்தது அறுபது ஹெக்டேர் மட்டுமே.

நடந்ததைப் பல நாட்டு அறிவியலாளர்கள் கூடி ஆராய்ந்து 2025-இல் வெளியிட்ட ஆய்வு விவரிக்கிறது. அக்டோபர் 3-ஆம் தேதி இரவு, உறைந்து கிடந்த பக்கவாட்டு மேட்டிலிருந்து ஒரு கோடியே நாற்பது லட்சம் கன மீட்டருக்கும் அதிகமான மண்ணும் பாறையும் ஏரிக்குள் சரிந்தன. சுனாமியைப் போல் எழுந்த அலை எதிர்க்கரையை உடைத்தது. ஏறத்தாழ ஐந்து கோடி கன மீட்டர் நீர் லாச்சேன் பள்ளத்தாக்கின் வழியே பாய்ந்தது. அறுபது கிலோமீட்டருக்கும் மேல் கீழே, லாச்சேன் ஆறும் லாச்சுங் ஆறும் கூடி தீஸ்தாவாகும் இடத்தில் இருக்கிறது சுங்தாங். அங்கே நின்றது தீஸ்தா மூன்றாம் நிலைத் திட்டத்தின் அணை. அறுபது மீட்டர் உயரம்; பாறைகளைக் குவித்து முகப்பில் கான்கிரீட் போர்த்திய கட்டுமானம். 1,200 மெகாவாட் மின் உற்பத்தித் திறன் கொண்ட, சிக்கிமின் மிகப் பெரிய நீர்மின் திட்டம். அணையில் தேங்கியிருந்த நீரும் வெள்ளத்தோடு சேர்ந்துகொண்டது.

சிக்கிமிலும் மேற்கு வங்கத்திலுமாக 55 பேர் உயிரிழந்ததாகவும் 74 பேர் காணாமற்போனதாகவும் அந்த ஆய்வு குறிப்பிடுகிறது. பர்தாங் என்ற இடத்தில் நிறுத்தப்பட்டிருந்த ராணுவ வாகனங்களோடு வீரர்களும் அடித்துச் செல்லப்பட்டனர். ராணுவ முகாமிலிருந்து ஆற்றோடு போன வெடிபொருள்களில் ஒன்று மேற்கு வங்கத்தின் ஜல்பாய்குரி மாவட்டத்தில் வெடித்து உயிர்ப்பலி வாங்கியது. பாலங்கள் முப்பதுக்கும் மேல் சேதமுற்றன. சிக்கிமைச் சமவெளியோடு இணைக்கும் பத்தாம் எண் தேசிய நெடுஞ்சாலை பல இடங்களில் ஆற்றுக்குள் போயிற்று. காலிம்போங் மாவட்டத்தின் தீஸ்தா பஜாரில் வீடுகளுக்குள் புகுந்த மண் அகற்றப்பட்டாலும், ஆற்றுப் படுகையே உயர்ந்துவிட்டதால், அடுத்து வந்த மழைக்காலத்தில் சாதாரண வெள்ளமும் சாலையேறியது.

இது எதிர்பாராத பேரிடரா என்ற கேள்விக்கு ஆவணங்கள் தரும் விடை வேறு. தெற்கு லோனாக் ஏரி உடையும் அபாயம் உண்டு என்று ஐதராபாதிலுள்ள தேசியத் தொலையுணர்வு மையத்தின் அறிவியலாளர்கள் 2013-லேயே எழுதியிருந்தனர். உடையும் வாய்ப்பு 42 சதவீதம் என அவர்கள் கணித்தனர். 2016-இல் லடாக்கின் சோனம் வாங்சுக் உள்ளிட்டோர் அடங்கிய குழு அந்தக் குளிரில் ஏரிக்கே சென்று, பிளாஸ்டிக் குழாய்களைப் பதித்து நீரை உறிஞ்சி வெளியேற்றும் ஏற்பாட்டைச் செய்தது. ஏரியின் கொள்ளளவோடு ஒப்பிட்டால் அது கைப்பிடியளவு நீர்தான். 2020-இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பனி ஏரி உடைப்பு குறித்துத் தனி வழிகாட்டு நெறிகளையே வெளியிட்டது. ஏரிக்கரையில் கண்காணிப்புக் கருவியும் கேமராவும் பொருத்தும் பணி தொடங்கியது 2023 செப்டம்பரில்தான். முழுமையான முன்னெச்சரிக்கை அமைப்பு வருவதற்குள் ஏரி முந்திக்கொண்டது.

கோப்புகளில் இருந்த நிபந்தனை

தீஸ்தாவில் அணைகள் எப்படி வரிசைகட்டி வந்தன என்பதைப் புரிந்துகொள்ள, சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். தேசிய நீர்மின் கழகத்தின் 510 மெகாவாட் தீஸ்தா ஐந்தாம் நிலைத் திட்டத்துக்கு 1999-இல் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கியபோது, மத்திய அமைச்சகம் ஒரு நிபந்தனை விதித்தது. தீஸ்தா வடிநிலம் எவ்வளவு சுமையைத் தாங்கும் என்ற ஆய்வு முடியும்வரை சிக்கிமில் வேறெந்த நீர்மின் திட்டமும் பரிசீலிக்கப்படாது என்பதே அது. ஆய்வுப் பணிக்குத் தில்லி பல்கலைக்கழகத்தின் மலைச் சூழலியல் மையம் தலைமையேற்றது.

நிபந்தனையின் மை காய்வதற்குள் காலம் மாறியது. 2003-இல் பிரதமர் வாஜ்பாய் ஐம்பதாயிரம் மெகாவாட் நீர்மின் முனைப்பைத் தொடங்கிவைத்தார். நாடெங்கும் 162 திட்டங்களுக்கான முதற்கட்ட அறிக்கைகள் தயாராயின. அவற்றில் பெரும்பாலானவை இமயமலை மாநிலங்களில். சிக்கிம் அரசும் தனியார் நிறுவனங்களோடு அடுத்தடுத்து ஒப்பந்தங்கள் செய்தது. தாங்குதிறன் ஆய்வின் இறுதி அறிக்கை வரும் முன்னரே, 2006-இல், தீஸ்தா மூன்றாம் நிலைத் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்துவிட்டது. நிபந்தனை விதித்ததும் அமைச்சகம். அதை மீறி அனுமதி தந்ததும் அதே அமைச்சகம்.

பின்னர் வந்த ஆய்வறிக்கை, சுங்தாங்குக்கு மேலேயுள்ள பள்ளத்தாக்குகளில் அணைகள் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. சுங்தாங் அணையையே கைவிடுமாறு அது கூறவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால், மேலே அணை கட்ட அஞ்ச வேண்டிய நிலம், அதன் வாசற்படியில் அணை கட்ட ஏற்றதா என்பதை ஆற அமர யோசிக்கும் அவகாசம் யாருக்கும் வாய்க்கவில்லை. 2011 செப்டம்பர் 18-ஆம் தேதி சிக்கிம் - நேபாள எல்லையை மையமாகக் கொண்டு 6.9 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டபோது மங்கன், சுங்தாங் பகுதிகளே கடுமையாகப் பாதிக்கப்பட்டன. பணிகள் தாமதமாயின, நிதி நெருக்கடி வந்தது, செலவு ஏறிக்கொண்டே போய், 2017 பிப்ரவரியில் உற்பத்தி தொடங்கியபோது சுமார் 14,000 கோடி ரூபாயைத் தொட்டிருந்தது. இடையில் மாநில அரசே பெரும்பான்மைப் பங்குதாரராகிவிட்டிருந்தது. எனவே அணை உடைந்தபோது நட்டம் ஏதோ ஒரு நிறுவனத்தின் நட்டமாக மட்டும் இல்லை. சிக்கிம் மக்களின் பணமும் ஆற்றோடு போயிற்று.

ஜோங்குவின் உண்ணாவிரதம்

அணைகளுக்கு எதிரான குரல் 2023-க்குப் பிறகு எழுந்ததன்று. சிக்கிமில் அதற்கு நெடிய வரலாறு உண்டு. மேற்கு சிக்கிமின் யுக்சோம் அருகே ரத்தோங் சூ ஆற்றில் திட்டமிடப்பட்ட 30 மெகாவாட் மின் நிலையம், புனித நிலத்தைச் சிதைக்கும் என்று பௌத்தத் துறவியரும் பொதுமக்களும் எதிர்த்ததால் 1997-இல் கைவிடப்பட்டது. அன்றைய முதல்வர் பவன் குமார் சாம்லிங்தான் அந்த முடிவை அறிவித்தார். பத்தே ஆண்டுகளில் அதே முதல்வரின் ஆட்சியில்தான் தீஸ்தாவின் மீது இரண்டு டஜனுக்கும் மேற்பட்ட திட்டங்கள் வரையப்பட்டன என்பது அரசியலின் விசித்திரம்.

வடக்கு சிக்கிமில், கஞ்சன்ஜங்கா மலையின் மடியில், ஜோங்கு என்ற பகுதி இருக்கிறது. லெப்சா பழங்குடியினருக்கென்று மன்னராட்சிக் காலத்திலிருந்தே ஒதுக்கப்பட்ட நிலம் அது. 1975-இல் சிக்கிம் இந்தியாவுடன் இணைந்த பின்னரும் அந்தப் பாதுகாப்பு தொடர்கிறது. வெளியார் அங்கே நிலம் வாங்க இயலாது. பிற சிக்கிம் மக்களுமே அனுமதி பெற்றுத்தான் நுழைய முடியும். லெப்சாக்கள் தங்களை இயற்கை அன்னையின் பிள்ளைகள் என்று அழைத்துக்கொள்வர். தீஸ்தாவும் ரங்கீத்தும் காதலர்கள். இரண்டும் மலையிலிருந்து வேறு வேறு வழியில் இறங்கிவந்து கூடின என்பது அவர்களின் தொல்கதை. திருமணங்களில் அந்தக் கதை இன்றும் பாடப்படுகிறது. இறந்தோரின் ஆவி ஆற்றின் வழியே மேலேறிக் கஞ்சன்ஜங்காவின் அடியிலுள்ள மூதாதையர் உலகைச் சேரும் என்பது அவர்களது நம்பிக்கை. ஆற்றைச் சுரங்கத்துக்குள் திருப்பிவிட்டால் ஆவி எந்த வழியில் போகும் என்று முதியவர்கள் கேட்டபோது, திட்ட அறிக்கைகளில் அதற்கு விடை சொல்லும் பத்தி எதுவும் இருக்கவில்லை.

2004-இல் தீஸ்தாவால் பாதிக்கப்பட்ட குடிமக்கள் அமைப்பு உருவானது. சுருக்கமாக ஆக்ட் என அழைக்கப்படும் இந்த அமைப்பின் இளைஞர்களான தாவா லெப்சா, டென்சிங் லெப்சா ஆகியோர் 2007 ஜூன் 20-ஆம் தேதி தலைநகர் காங்டாக்கில் காலவரையற்ற உண்ணாவிரதம் தொடங்கினர். அது 63 நாள்கள் நீடித்தது. பேச்சுவார்த்தை பலனளிக்காமல் போகவே, 2008-இல் மீண்டும் தொண்ணூறு நாள்களுக்கு மேல் உண்ணாவிரதம் இருந்தனர். இவற்றோடு தொடர் உண்ணாவிரதம் ஒன்றும் நடந்தது; ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் அமர, 915 நாள்கள். அகிம்சையின் பெயரால் இவ்வளவு நீண்ட போராட்டம் நடந்தது தேசிய நாளேடுகளில் எத்தனை வரி இடம்பிடித்தது என்று தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

போராட்டம் முற்றிலும் வீணாகவில்லை. ஜோங்கு பகுதியில் திட்டமிடப்பட்ட லிங்ஸா, ரிங்பி, ருகேல், ரங்யோங் ஆகிய நான்கு திட்டங்களை 2008-இல் மாநில அரசு ரத்து செய்தது. ஆனால், பனன் திட்டமும் தீஸ்தா நான்காம் நிலைத் திட்டமும் பட்டியலில் எஞ்சின. 520 மெகாவாட் திறனுள்ள நான்காம் நிலைத் திட்டம் வருமானால், மேல் தீஸ்தாவில் தடையின்றி ஓடும் கடைசிப் பகுதியும் மறைந்துவிடும் என்று ஆக்ட் அமைப்பு தொடர்ந்து கூறிவருகிறது. ஓடும் ஆற்றில் கட்டப்படும் சிறிய தேக்கங்கள்தாம் இவை, பெரும் நீர்த்தேக்கங்கள் அல்ல என்று மின் நிறுவனங்கள் சொல்வது உண்மையே. ஆனால் அணையிலிருந்து மின் நிலையம்வரை ஆறு மலைக்குள் குடையப்பட்ட சுரங்கத்தில் ஓடும். ஐந்தாம் நிலைத் திட்டத்தின் சுரங்கம் மட்டும் சுமார் 17 கிலோமீட்டர். அதுவரை வெளியே தெரிவது கூழாங்கற்கள் நிறைந்த வெற்றுப் படுகைதான். சுரங்கத்துக்காக வெடி வைத்ததால் வீடுகள் விரிசல் விட்டன, ஊற்றுகள் வற்றின என்று கரையோரக் கிராமங்கள் பல ஆண்டுகளாகப் புகார் கூறிவருகின்றன.

லெப்சாக்கள் அனைவரும் ஒரே குரலில் எதிர்த்தனர் என்று சொல்வதும் சரியாகாது. ஜோங்குவிலேயே திட்டங்களை வரவேற்றோர் உண்டு. செங்குத்தான மலைச்சரிவில் ஏலக்காய் பயிரிட்டுப் பிழைக்கும் குடும்பத்துக்கு, நிலத்துக்கான இழப்பீட்டுத் தொகை சிறிய விஷயமன்று. ஏலக்காய்ச் செடிகளை நோய் தாக்கி விளைச்சல் வீழ்ந்த ஆண்டுகளில் அந்தப் பணம் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. சாலை வரும், வேலை வரும் என்ற எதிர்பார்ப்பும் இருந்தது. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பக்கமும் தம்பி மறு பக்கமுமாக நின்ற கதைகள் ஏராளம். மாநில அரசின் தரப்பிலும் வாதம் இல்லாமலில்லை. ரயில் பாதையோ, பெரும் வரி வருவாயோ இல்லாத மாநிலத்துக்கு, ஒவ்வொரு திட்டத்திலிருந்தும் கிடைக்கும் 12 சதவீத இலவச மின்சாரம் கைவிட இயலாத வருமானம். மத்திய அரசின் மானியத்தையே எதிர்பார்த்து எத்தனை காலம் வாழ்வது என்று காங்டாக்கில் கேட்டால், தில்லியிடம் அதற்கு நேர்மையான பதில் இல்லை.

பசுமை மின்சாரம் யாருக்கு?

2019 மார்ச்சில் மத்திய அமைச்சரவை, 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட பெரிய நீர்மின் திட்டங்களையும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தியாக அறிவித்தது. மின் விநியோக நிறுவனங்கள் குறிப்பிட்ட பங்கை நீர்மின்சாரமாக வாங்க வேண்டும் என்ற கட்டாயமும், சாலை, பாலங்களுக்கான நிதியுதவியும் உடன் வந்தன. 2030-க்குள் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு சாராத மின் திறனை ஐந்து லட்சம் மெகாவாட்டாக உயர்த்துவது நாட்டின் இலக்கு. சூரிய ஒளி மறைந்த பின், மாலை நேரத்தில் ஏறும் தேவையை ஈடுகட்ட நீர்மின்சாரம் கைகொடுக்கும் என்ற மின் துறையின் வாதத்தை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது. நிலக்கரிப் புகையைக் குறைக்க வேண்டும் என்று கோருவோரும், மலை ஆறுகளைக் காக்க வேண்டும் என்று கோருவோரும் பல நேரங்களில் ஒரே ஆள்களே. இந்தச் சிக்கல் சூழலியல் இயக்கத்துக்குள்ளேயே தீராமல் இருக்கிறது.

என்றாலும் கணக்கின் மறுபக்கம் பேசப்படுவதில்லை. புவி வெப்பமடைவதைத் தடுக்கவே இந்த மின்சாரம் என்கிறார்கள். புவி வெப்பமடைவதால்தான் பனியாறுகள் உருகி ஏரிகள் வீங்குகின்றன; அந்த ஏரிகளுக்குக் கீழேதான் அணைகள் நிற்கின்றன. சுங்தாங் அணையின் உபரிநீர்ப் போக்கி விநாடிக்கு 7,000 கன மீட்டர் நீரை வெளியேற்றும்படி வடிவமைக்கப்பட்டது. மழை வெள்ளத்தைக் கணக்கிட்ட பொறியாளர்கள், ஏரி உடைந்து வரும் வெள்ளத்தைக் கணக்கில் கொள்ளவில்லை. அடுத்த அடி வெகுநாள் கழித்து வரவில்லை. 2024 ஆகஸ்ட் 20-ஆம் தேதி சிங்தாம் அருகே மலைச்சரிவு இடிந்து விழுந்து, ஐந்தாம் நிலைத் திட்டத்தின் மின் நிலையக் கட்டடத்தை நொறுக்கியது. வெள்ளத்தால் ஏற்கெனவே செயலிழந்து கிடந்த நிலையம் அது.

இந்நிலையில்தான் 2025 ஜனவரியில் நிபுணர் மதிப்பீட்டுக் குழுவின் பரிந்துரை வந்தது. புதிய அணை முழுவதும் கான்கிரீட்டால் ஆனது. உயரம் 118 மீட்டருக்கும் அதிகம். உபரிநீர்ப் போக்கியின் திறனும் ஏறத்தாழ மும்மடங்காகிறது. அதாவது, பழைய வடிவமைப்பில் எவ்வளவு பெரிய ஓட்டை இருந்தது என்பதைப் புதிய வடிவமைப்பே ஒப்புக்கொள்கிறது. பனி ஏரி அபாயத்தைக் கருத்தில் கொண்டே புதிய அணை திட்டமிடப்பட்டுள்ளதாகவும், முன்னெச்சரிக்கை அமைப்பு நிறுவப்படும் என்றும் திட்டத் தரப்பு கூறுகிறது. மின் நிலையமும் சுரங்கமும் பெரும்பாலும் தப்பிவிட்டதால், அணையை மட்டும் கட்டினால் முதலீடு வீணாகாது என்பது அதன் பொருளாதார வாதம்.

எதிர்ப்பாளர்களின் கேள்விகள் எளிமையானவை. தெற்கு லோனாக் ஏரியில் பாதி நீர் எஞ்சியிருக்கிறது. சரியக்கூடிய மேடுகளும் அங்கேயே நிற்கின்றன. சிக்கிமில் அது ஒன்று மட்டுமே ஆபத்தான ஏரியும் அல்ல. வெள்ளம் பள்ளத்தாக்கின் அடிவாரத்தையே அரித்துச் சென்ற பின், நிலத்தின் தன்மையை முழுமையாக ஆராயாமல் அணையின் உயரத்தை எப்படி முடிவு செய்வது? 2024-இல் நான்கு இமயமலை மாநிலங்களுக்கான பனி ஏரி அபாயத் தணிப்புத் திட்டத்துக்கு மத்திய அரசு ஒதுக்க ஒப்புதல் அளித்த தொகை 150 கோடி ரூபாய். உடைந்துபோன ஒரு திட்டத்தின் மதிப்பு மட்டும் 14,000 கோடி. இந்த இரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கிறார்கள் சிக்கிம் மக்கள்.

தில்லியின் கவனம் இப்போது வேறு திசையில் இருக்கிறது. பிரம்மபுத்திராவின் மேற்பகுதியில் சீனா மாபெரும் அணைத் திட்டத்தை 2025-இல் தொடங்கியதையடுத்து, அருணாசலப் பிரதேசத்தின் சியாங் ஆற்றில் 11,000 மெகாவாட் திட்டம் தேசப் பாதுகாப்பின் பெயரால் முன்வைக்கப்படுகிறது. அங்கே ஆதி பழங்குடியினர், ஆய்வுப் பணிக்கு வருவோரையே ஊருக்குள் விட மறுத்துப் போராடிவருகின்றனர். ஜோங்குவில் நடந்ததை அவர்கள் அறிவர். சுங்தாங்கில் நடந்ததையும் அறிவர்.

ஜோங்குவை வெளியுலகோடு இணைத்த சங்கலாங் பாலம் அந்த அக்டோபர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. பின்னர் மூங்கிலாலும் கம்பிகளாலும் தற்காலிகப் பாலங்கள் அமைத்து மக்கள் ஆற்றைக் கடந்தனர். 2024 மழைக்காலத்தில் அந்த வழியும் அறுந்தது. கரையிலிருந்த குடும்பங்கள் மேட்டு நிலங்களில் தகரக் கூரைகளின் கீழ்க் குடியேறின. சுங்தாங் அணை குறித்து அவர்களிடம் அரசு கடைசியாகக் கருத்துக் கேட்டது 2006-இல் நடந்த பொது விசாரணையில். புதிய அணைக்காக மீண்டும் ஒரு பொது விசாரணை தேவையில்லை என்று மதிப்பீட்டுக் குழு முடிவு செய்துவிட்டது.